திரியாய்க்கு வேலைக்குப் போய்வர எந்தக் கார் வாங்கலாம்? விலையைக் கேட்கும் முன் கிலோமீற்றரைக் கணக்குப் பாருங்கள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி வழியாக வடக்கே சுமார் 45 கிலோமீற்றர் போனால் திரியாய். அதற்கும் அப்பால் புல்மோட்டை. இந்தக் கரையோரப் பாதையிலுள்ள பாடசாலைகள், வைத்தியசாலைகள், அரச அலுவலகங்களுக்கு நகரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தினமும் போய்வருவோர் பலர். காலை ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும் முன் வாசலில் நிற்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடுதான்.

ஆகவே, "ஒரு கார் எடுத்தால் நிம்மதி" என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் இந்தப் பேச்சு ஆசிரியர் ஓய்வறைகளில் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் பேச்சு எப்போதும் "என்ன விலை?" என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு அது இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வி, "மாதம் எத்தனை கிலோமீற்றர்?" என்பது.

முதலில் தூரம்

திருகோணமலையிலிருந்து திரியாய்க்குப் போய்வர ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர். மாதத்துக்கு 20 வேலைநாள் என்று வைத்தால் 1,800 கிலோமீற்றர். கிண்ணியாவில் இருப்பவருக்கு ஒரு வழியே சுமார் 65 கிலோமீற்றர். மாதம் 2,600ஐத் தொடும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. புல்மோட்டையில் வீடு இருந்தால் போய்வர 30 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். மாதம் 600 தான்.

மூவரும் ஒரே பாடசாலையில் ஒரே சம்பளம் எடுத்தாலும் மூவருக்கும் ஒரே கார் பொருந்தாது.

பெற்றோல் விலை மாதந்தோறும் மாறுவதால், கணக்கின் இலகுவுக்காக ஒரு லீற்றரை 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாசிக்கும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மாதம் 1,800 கிலோமீற்றர் ஓடுபவருக்கு:

லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பழைய கார் என்றால் 150 லீற்றர், 45,000 ரூபா.
15 ஓடினால் 120 லீற்றர், 36,000 ரூபா.
18 ஓடினால் 100 லீற்றர், 30,000 ரூபா.
22 ஓடும் ஹைபிரிட் என்றால் ஏறத்தாழ 82 லீற்றர், 24,500 ரூபா.
45 ஓடும் மோட்டார் சைக்கிள் என்றால் 40 லீற்றர், 12,000 ரூபா.

இதற்கு மேல் பராமரிப்பு இருக்கிறது. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவதென்றால், பாடசாலை ஓட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை கராஜுக்குப் போகவேண்டும். டயர், பிரேக், பற்றரி ஒவ்வொன்றும் தன் முறைக்குச் செலவு வைக்கும். இவற்றுக்காக ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5 ரூபாவை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். 1,800 கிலோமீற்றருக்கு அது மாதம் 9,000 ரூபா. காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவை தனி.

சிக்கனமான சிறிய கார் என்றே வைப்போம். பெற்றோல் 30,000, பராமரிப்பு 9,000, ஆக 39,000 ரூபா. கையில் 70,000 ரூபா வரும் ஓர் ஆசிரியருக்கு இது சம்பளத்தில் பாதிக்கும் மேல். இந்தக் கணக்கில் காரின் விலை ஒரு சதம்கூடச் சேரவில்லை. யாரோ ஒருவர் காரை இலவசமாகக் கொடுத்தாலும், நகரிலிருந்து திரியாய்க்குத் தனியாக ஓட்டிப்போனால் பாதிச் சம்பளம் பாதையிலேயே போய்விடும்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, கட்டங்கட்டமாக, உயர்த்தப்பட்டது. அந்த உயர்வை நம்பி வாகனக் கடனில் இறங்குபவர்கள் மேலேயுள்ள கணக்கைத் தங்கள் சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். போக்குவரத்துச் செலவு எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் குடும்பம் மூச்சுவிடலாம்.

ஆகவே, தூரம் அதிகமானவர்கள் காரைத் தேடும் முன் கூட வருபவர்களைத் தேடவேண்டும். அதே 39,000 ரூபாவை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

கையில் 15 இலட்சத்துக்குள் இருந்தால்

இந்த எல்லைக்குள் வருபவை பெரும்பாலும் மாருதி 800, பழைய நிசான் மார்ச் போன்ற வயதான கார்கள். புல்மோட்டையிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருபவருக்கு இது போதும். மாதம் 600 கிலோமீற்றர் என்றால் லீற்றருக்கு 12 ஓடினாலும் 15,000 ரூபாவோடு முடிந்துவிடும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், எந்தக் கராஜ்காரருக்கும் பழக்கமான இயந்திரம்.

ஆனால் நகரிலிருந்து தினமும் 90 கிலோமீற்றர் ஓட இவற்றை வாங்குவது நல்லதல்ல. பழைய இயந்திரம் நாளுக்கு நாள் அந்தத் தூரத்தைத் தாங்காது; நடுவழியில் நின்றால் அன்றைய லீவும் இழுவைக் கூலியும் சேர்ந்துவிடும். பாதுகாப்பும் ஒரு காரணம். இவ்வகைப் பழைய கார்கள் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. மாடுகள் படுத்திருக்கும் பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில் வேகமாகப் போகும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியும்.

இந்தத் தொகை மட்டுமே உள்ள நகரவாசிக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நல்ல நிலையிலுள்ள மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் மட்டும் பஸ்ஸில் போவது. மற்றது, அதே பாதையில் ஏற்கெனவே ஓடும் ஒருவரின் வாகனத்தில் மாதக் கட்டணத்துக்குச் சேர்ந்துகொள்வது. சொந்தக் கார் இல்லாததில் வெட்கப்பட எதுவும் இல்லை.

25 முதல் 40 இலட்சம் வரை

இங்கே ஆல்டோ 800, மைக்ரோ பண்டா, பழைய விட்ஸ், பழைய கொரோலா, முதல் தலைமுறை நிசான் லீஃப் போன்றவை பேச்சில் வரும். தினசரி ஓட்டத்துக்கு ஆல்டோ போன்ற சிறிய பெற்றோல் கார்தான் கணக்குக்கு ஒத்துவரும். 800 சீசீ இயந்திரம், கையால் மாற்றும் கியர், மலிவான பாகங்கள், வாங்கி விற்பதும் சுலபம். வாங்கும்போது காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் உள்ள வகையைத் தேடி எடுங்கள். சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. பழைய கொரோலா சொகுசாக இருக்கும், ஐந்து பேர் போகலாம். ஆனால் லீற்றருக்கு 12 கிலோமீற்றர்தான் ஓடினால் ஆல்டோவை விட மாதம் 15,000 ரூபா கூடுதலாகக் குடிக்கும்.

பெற்றோலே வேண்டாம் என்று நிசான் லீஃபைப் பார்க்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காரின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. நமது வெயிலில் ஆண்டுகள் போகப்போக அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். பத்து வயதைத் தாண்டிய ஒரு லீஃப் முழுச் சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஏசி போட்டுக்கொண்டு 90 கிலோமீற்றர் போய் வீடு திரும்ப அது போதுமா என்று ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. நிலாவெளிவரை வேலைக்குப் போகிறவருக்கு அது நல்ல கார். திரியாய்க்குப் போகிறவருக்குப் பாடசாலையில் சார்ஜ் போட வழியில்லாவிட்டால் திரும்பும் வழி முழுதும் மனம் திக்திக் என்றுதான் இருக்கும்.

புதிய மின்சாரக் கார்களில் இந்தத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, விலைதான் பிரச்சினை. எந்த மின்சாரக் கார் எடுத்தாலும் மாதம் 1,800 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 250 முதல் 300 அலகு மின்சாரம் வீட்டு மீற்றரில் ஏறும். நமது வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட வீதமும் கூடும் முறையில் அமைந்தது. கூரையில் சூரியப் படல் இருந்தால் இந்தச் சுமை இலகுவாகும். இல்லாதவர்கள் தங்கள் கடைசிப் பட்டியலை எடுத்து, இவ்வளவு அலகைக் கூட்டினால் என்ன வருமென்று மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

50 இலட்சத்துக்கு மேல்

ஜப்பான் வெகன் ஆர், அக்வா, ஹொண்டா ஃபிட், புதிய விட்ஸ் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. "ஹைபிரிட் எடு, பெற்றோல் மிச்சம்" என்று எல்லோரும் சொல்வார்கள். கொழும்பு நெரிசலில் அது முற்றிலும் உண்மை. நின்று நின்று போகும் பாதையில், பிரேக் பிடிக்கும் போதெல்லாம் வீணாகும் சக்தியை ஹைபிரிட் பற்றரியில் சேமித்துத் திருப்பித் தரும். நிலாவெளியைத் தாண்டினால் நமது பாதை பெரும்பாலும் திறந்தவெளி. ஒரே வேகத்தில் போகும்போது அந்த ஆதாயம் குறைவு.

கணக்கில் பாருங்கள். 18 ஓடும் சாதாரணச் சிறிய காருக்கும் 22 ஓடும் ஹைபிரிட்டுக்கும் மாதத்துக்கு வித்தியாசம் சுமார் 5,500 ரூபா. பாடசாலை நடக்கும் பத்து மாதத்துக்கு 55,000. ஹைபிரிட்டுக்காக மட்டும் 10 இலட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் பெற்றோலில் திரும்பிவர 18 வருடம் வேண்டும். அதற்குள் பெரிய பற்றரியை மாற்றவேண்டி வந்தால் அதற்கும் இலட்சக் கணக்கில் செலவாகும். ஹைபிரிட் கெட்டது என்பதல்ல. நல்ல நிலையில், நியாயமான விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாம். அந்த ஒரு பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை.

660 சீசீ வெகன் ஆர் நகரத்துக்கு அருமையான வண்டி. ஆனால் நான்கு பேருக்கு மேல் ஏற்றமுடியாது. நான்கு பெரியவர்களோடும் ஏசியோடும் நீண்ட பாதையில் வேகமாகப் போனால் அந்தச் சிறிய இயந்திரம் கஷ்டப்படும். சொன்ன அளவு பெற்றோல் மிச்சமும் கிடைக்காது. பகிர்ந்து போவதற்கென்றே வாங்குபவர்கள் 1,000 சீசீ அளவிலுள்ள ஐந்து இருக்கைக் காரைப் பார்ப்பது நல்லது.

புதிதாக இறக்குமதியாகும் வாகனங்களுக்கு இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்த வரி, சுங்கவரி, அதன்மேல் 18 வீத வற் எல்லாம் சேர்கின்றன. ஜப்பானில் நாம் காணும் விலைக்கும் இங்கே கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அதுதான். இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடத்தில் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கார்களை விற்றவர்கள் உண்டு. அதைப் பார்த்து, "கார் ஒரு முதலீடு, விலை இறங்காது" என்று இன்னும் நம்புவது ஆபத்து. அந்தக் காலத்தில் புதிய வாகனம் வரவில்லை, அதனால் பழையது விலைபோனது. கதவு திறந்திருக்கும்போது ஓடஓட விலை இறங்குவதுதான் காரின் இயல்பு.

கடன் எடுப்பதென்றால்

10 இலட்சத்தை 14 வீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 23,300 ரூபா. முடிவில் திருப்பிக் கொடுப்பது 14 இலட்சம். 25 இலட்சம் என்றால் மாதம் 58,000க்கு மேல். வீதம் கூடிக் குறையலாம், கணக்கின் போக்கு இதுதான். வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம்வரை கடன் தரலாம் என்பதை மத்திய வங்கி அவ்வப்போது மாற்றுகிறது. ஆகவே முற்பணமாக எவ்வளவு கையில் இருக்கவேண்டும் என்பதை முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

நம்மில் பலர் வட்டியைத் தவிர்க்க இஜாரா முறையை நாடுகிறோம். 2011 இல் ஆரம்பித்த அமானா வங்கியும், வேறு சில வங்கிகள், நிதி நிறுவனங்களின் இஸ்லாமியப் பிரிவுகளும் இவ்வசதியைத் தருகின்றன. இதில் நிறுவனம் வாகனத்தைத் தனக்கு வாங்கி, நமக்கு வாடகைக்குத் தந்து, முடிவில் உரிமையை மாற்றித்தருகிறது. பெயரைக் கேட்டதும் கையெழுத்திடாமல் மூன்று விடயங்களைக் கேளுங்கள். வாடகைக் காலத்தில் உரிமையாளர் என்ற பொறுப்பில் நிறுவனம் எதையெல்லாம் ஏற்கிறது? தாமதக் கட்டணம் அறவிட்டால் அது எங்கே போகிறது? இடையில் முழுத்தொகையையும் கட்டி முடித்தால் கணக்கு எப்படி? மார்க்க ரீதியான ஐயம் இருந்தால் ஒப்பந்தத்தை அறிந்த ஆலிமிடம் காட்டலாம். ஆனால் இஜாரா என்பதால் மாதத் தொகை குறைந்துவிடாது. முறை ஹலாலாக இருந்தாலும் சுமை நமது தோளுக்கு மேலாகப் போனால் குடும்பம்தான் தாங்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: இடமாற்றம் எப்போது? இரண்டு வருடத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றம் கிடைக்கக்கூடியவர், திரியாய்க்காக ஐந்து வருடக் கடனில் கார் எடுத்தால், தேவை முடிந்த பின்னும் மூன்று வருடம் தவணை கட்டுவார்.

பழைய காரைப் பார்க்கும்போது

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலதிகச் சில்லு வைக்கும் குழி, இருக்கையின் கீழுள்ள இரும்பு, விளக்குக் கண்ணாடியின் உட்புறம் ஆகியவற்றில் துருவோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். கரையோரத்தில் ஓடிய வண்டிகளுக்கு உப்புக்காற்றால் அடிப்பகுதி துருப்பிடிக்கும். தூக்கியில் ஏற்றிக் கீழே பார்க்காமல் முடிவெடுக்கவேண்டாம்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரைக் குறைத்துவைப்பது பழைய தந்திரம். சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, வண்டியின் செசி இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கையெழுத்திட்ட வெறும் படிவத்தோடு மாதக்கணக்கில் ஓட்டாமல், வாங்கிய உடனே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவரின் ஆளை அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள்.

பகிர்ந்து போவதற்கு ஓர் ஒழுங்கு

2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதை யாரும் மறக்கவில்லை. அதன்பின் வந்த கியூஆர் முறையில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. லீற்றருக்கு 18 ஓடினாலும் அது 360 கிலோமீற்றர். திரியாய்க்கு ஐந்து நாளும் போய்வர 450 வேண்டும். தனியாக ஓட்டியவர்களால் முடியவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு காரை மாறிமாறி எடுத்திருந்தால் ஒரு நாளும் தவறியிருக்காது.

பகிர்வு பெரும்பாலும் பணத்தால் உடைவதில்லை, பேசிவைக்காததால் உடைகிறது. புறப்படும் நேரம் என்ன, எத்தனை நிமிடம் காத்திருப்பது, லீவு எடுத்தவரும் பங்கு கொடுக்கவேண்டுமா, பராமரிப்புப் பணம் யாரிடம் சேர்வது என்பவற்றை முதல் நாளே எழுதிவைத்தால் மனஸ்தாபம் வராது. பெண் ஆசிரியைகள் சேர்ந்து ஒரு குழுவாகப் போகலாம். ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். தனியார் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் காப்புறுதி செல்லாமல் போகலாம். செலவைப் பகிர்வதற்கும் வாடகை ஓட்டுவதற்கும் எங்கே கோடு என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவைப்பது பாதுகாப்பு.

தூரப் பாடசாலையிலிருந்து ஆசிரியர்கள் மாற்றம் கேட்டுப் போவதற்குப் பெரும் காரணம் பயணம்தான். பயணச் செலவு தாங்கக்கூடியதாக இருந்தால் ஒருவர் இன்னும் ஒரு வருடம் அங்கே இருப்பார்; கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆள் இல்லாமல் ஒரு வகுப்பு ஒரு தவணை முழுவதும் வெறுமனே இருக்காது. ஆகவே இந்தக் கிழமையே ஓர் ஒற்றைத் தாளில் உங்கள் தூரம், மாதக் கிலோமீற்றர், கைக்கு வரும் சம்பளம், அதே பாதையில் வருபவர்களின் பெயர்கள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். கார் விற்பவரிடம் அதற்குப் பிறகு போகலாம்.